குடை பிடித்த நண்டு

மேனுகா உயர்தரத்தில் சித்திரம் எடுத்ததற்குக் காரணம், அந்த வருடம் அவளுடைய பாடசாலையில் புவியியல் படிப்பிக்க ஆள் இல்லாததுதான். பிறவியிலேயே கை வந்தவள் என்று யாராவது புகழ்ந்தால் இதைச் சொல்லிச் சிரிப்பாள். "அந்தப் புவியியல் சேர் மட்டும் வந்திருந்தா நான் இப்ப எங்கயோ மழையை அளந்துகொண்டிருப்பன்" என்பாள். கிரானில் வேளாண்மை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். கதைக்கும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது குறைவு, கையைத்தான் பார்ப்பாள். பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் ஒரே வருடத்தில் வடிவமைப்புப் படித்தோம். பிறகு கலியாணம் செய்துகொண்டோம். இந்த மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் கிரியை போன கிழமை முடிந்தது.

பெரிதாக எழுதும்படி அவளுடைய வாழ்க்கையில் ஒன்றுதான் இருக்கிறது. அது இன்னொருத்தியின் மகனைப் பற்றியது.

இறுதி வருடத்தில் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி செய்து, அங்கே ஒரு செயற்றிட்டத்தை முடித்துக் காட்ட வேண்டும். எங்களுக்கு முந்திய அணியினர் கொழும்பில் விளம்பரக் கம்பனிகளுக்குப் போனார்கள். எங்கள் முறை வந்தது 2006 தையில். மட்டக்களப்பு விலாசம் உள்ள அடையாள அட்டையோடு கொழும்பில் அறை எடுத்துத் தங்க அந்த நேரம் எந்தத் தாய் தகப்பனும் பிள்ளையை விடவில்லை. எங்கள் விரிவுரையாளர் அலைந்து திரிந்து கடைசியில் ஒரு கட்டடக் கம்பனியைப் பிடித்தார். சுனாமியில் கடல் அடித்துக்கொண்டுபோன நாவலடிச் சனங்களுக்கு வாவியின் இந்தப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கம்பனி.

"விளம்பரம் செய்யிற கம்பனி இல்லாட்டி என்ன? கட்டுற கம்பனி இருக்கு. போங்க" என்றார்.

வெளிநாட்டுக் காசில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரே மஞ்சள் மதில், ஒரே ஓடு, ஒரே நீலக் கதவு. குடிவந்த முதல் கிழமையே குழப்பம். ஒரு கிழவர் அடுத்த வீட்டுக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். அந்த வீட்டுப் பெண் விளக்குமாற்றோடு வந்து நிற்க, கண்ணைத் திறந்து பார்த்து, "இன்னும் சோறாக்கல்லையா?" என்று கேட்டாராம். சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தார்கள். தங்களுடைய வீடு எப்படி இருக்கும் என்று கேட்டால் இடிந்துபோன பழைய வீட்டைத்தான் சொன்னார்கள்.

கம்பனி எங்களிடம் கேட்டது இலக்கத் தகடு. மேனுகாதான் இலக்கத்தோடு ஒவ்வொரு மதிலிலும் ஒரு படமும் வேண்டும் என்றாள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வீடு தெரிய வேண்டும். என்ன படம் என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டில் வரக்கூடாது. இந்த மூன்றும்தான் அவளுடைய செயற்றிட்டம். கம்பனிப் பொறியியலாளர் சரி என்று தலையை ஆட்டினார். மதில்களுக்கு நிறம் பூசும் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்திருந்தவர் காத்தான்குடி சாலிஹ் பாஸ். அவருடைய வாளிகளில் மிஞ்சுவது எங்களுக்கு.

மாம்பழம் கேட்டார்கள், மயில் கேட்டார்கள், ஓட்டோ கேட்டார்கள். ஒருவர் தன்னுடைய வள்ளத்தைக் கேட்டு, அது வளைந்திருந்த விதத்தைக் காட்ட முதுகை வளைத்து நின்றார். நான் இலக்கம் எழுத, மேனுகா படம் கீறுவாள். சாலிஹ் பாஸ் பின்னால் நின்று நையாண்டி செய்வார்.

"தங்கச்சி, இது மயிலா, கோழிக்குக் கலியாணமா?"

"பாஸ், உங்கட நீலம் தண்ணியாக் கிடக்கு. மயில் என்ன செய்யும்?"

கடைசி ஒழுங்கையில் இரத்தினம்மா மாமி தனியாக இருந்தார். கடல் வந்த காலையில் அவருடைய கணவர் இராசதுரையும் சின்ன மகளும் போய்விட்டார்கள். மூத்த மகன் நிதுர்ஷன் அதற்கு முந்தியே வீட்டில் இல்லை. பதினைந்து வயதில், வகுப்பு முடிந்து வரும்போது ஆயுதக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். இங்கிருந்து பிடிபட்ட பிள்ளைகள் பலர் அடுத்த வருடம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. வடக்கே வன்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்வி.

"மாமி, உங்கட வீட்டுக்கு என்ன படம்?" என்று மேனுகா கேட்டாள்.

"நண்டு."

"நல்லது. நண்டு இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல."

"குடை பிடிச்ச நண்டு."

சாலிஹ் பாஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, தண்ணிக்குள்ள கிடக்கிற சாமானுக்கு என்னத்துக்குக் குடை?"

"இதையேதான் அவன்ட அப்பாவும் கேட்டார். கேட்டுப்போட்டுப் பிரம்பால ரெண்டு குடுத்தார். வள்ளத்துக்கு வாங்கின பெயின்ற முடிச்சுப்போட்டான் எண்டு."

நாவலடி வீட்டின் முன் சுவரில் நிதுர்ஷன் கீறிய நண்டு அது. சிவப்பு நண்டு, கறுப்புக் குடை. அந்தச் சுவர் இப்போது இல்லை. மேனுகா கேட்கக் கேட்க மாமி குந்தியிருந்து மண்ணில் விரலால் கீறிக் காட்டினார். இடப்பக்கம் நாலு கால். குடை பிடித்த வலப்பக்கம் இரண்டே கால்.

"மாமி, நண்டுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு."

"நண்டு வித்த காசில வளந்த புள்ள, அவனுக்குத் தெரியாதா மகள்? குடையை முதல் கீறிட்டான். மறுகா அந்தப் பக்கம் இடம் காணல்ல. ரெண்டோட விட்டுட்டான்."

"நாலாக் கீறினா வடிவா இருக்கும்."

"வடிவா இருக்கும். அவன்ட நண்டா இருக்காது."

மேனுகா கொஞ்ச நேரம் மாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் வந்தா ஆரிட்டயும் கேட்டு வருவார்தானே?" என்றாள்.

மாமி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அங்கயிருந்து ஓடி வாற பொடியன் பேர் சொல்லி வீடு கேக்கேலுமா மகள்? கேட்டா அண்டைக்கே ஆக்கள் சொல்லிக் குடுத்திடுவாங்க. பிடிக்கிறதுக்கு இந்தப் பக்கமும் ஆள் இருக்கு, அந்தப் பக்கமும் ஆள் இருக்கு. அவன் வாயைத் திறக்காம நேர வீட்டுக்குள்ள வந்திரணும். பழைய வீடும் இல்ல. நான் எங்க இருக்கன் எண்டும் தெரியாது. இதைத் தவிர என்னட்ட ஒண்டும் இல்ல."

மேனுகா அந்த நண்டை மூன்று நாள் கீறினாள். கைபழகியவர்கள் போடும் கோட்டைப் போடாமல் ஒரு பொடியன் போடும் கோட்டைப் போடுவது கஷ்டம். மாமி ஒழுங்கை திரும்பும் முடக்கில், வருகிறவன் முதலில் நிற்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்துச் சொல்வார். "குடை இன்னும் கொஞ்சம் சரிவு." "கண் இப்பிடி முழிக்காது." கடைசியில், "ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பங்குனியில் வன்னிக்குச் சாமான் ஏற்றிப் போகும் லொறியில் வேலை செய்த ஒரு சொந்தக்காரர் வந்தார். நிதுர்ஷனைக் கண்டேன், உயிரோடு இருக்கிறான் என்றார். மாமி அவரிடம் ஒரு சொல் சொல்லியனுப்பினார். வாவிக்கு இந்தப் பக்கம் புது வீட்டுத்திட்டம், நீ கீறின நண்டு மதிலில் இருக்கிறது.

சொல்லியனுப்பியது வெளியே தெரியாது. ஆனால் மகன் இருக்கிறான் என்று செய்தி வந்தது மட்டும் ஒரு பகலுக்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிட்டது. நண்டு கீறி ஒரு மாதத்தில் செய்தி வந்திருக்கிறது. சனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அந்த ஒழுங்கையில் நிறைய இருந்தது. எதிர் வீட்டுக் கண்ணகை அக்காவின் மூத்த மகளையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். முதலில் வந்தவர் அவர்தான்.

"புள்ள, எங்கட மாம்பழத்தை அழிச்சுப்போட்டு நண்டு கீறித் தாங்க."

"அக்கா, ஒரு படம் ஒரு வீட்டுக்குத்தான். அதுதான் எங்கட திட்டமே."

"மாம்பழம் என்ட புள்ளையைக் கூட்டி வருமா? இரத்தினத்துக்கு மட்டுந்தான் வழி, எங்களுக்கு இல்லையா?"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தி சிவப்புப் பெயின்ற் டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மேனுகாவால் காரணம் சொல்ல முடியவில்லை. எல்லா மதிலிலும் நண்டு வந்தால் வருகிறவனுக்கு எது தாய் வீடு என்று தெரியாது. அதைச் சொன்னால் ஒருவன் வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அவள் இரத்தினம்மா மாமியிடம் போனாள்.

மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"கீறிக் குடுங்க மகள்."

"மாமி, பிறகு அவர்..."

"அவங்களும் பெத்தவங்கதானே. நான் என்னெண்டு மாட்டேன் எண்டு சொல்லுறது? அதே ஒழுங்கையில நாளைக்கு அவங்கட முகத்தில முழிக்கணும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் மேனுகா சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள். "அவங்களுக்கு நாலு நாலு கால் கீறுவன். மாமிட வீட்டில மட்டும் அந்த ரெண்டு. வாறவருக்குத் தெரியும். மற்ற ஆர் கால் எண்ணப் போறாங்க?"

அப்படியே பத்து வீடுகளுக்குச் சரியான நண்டு கீறினாள். எல்லாம் வடிவான நண்டுகள். சாலிஹ் பாஸ் தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ், இந்த நண்டுக் கூட்டம் என்ட சிவப்பு முழுக்கத் திண்டுட்டு." ஆனால் ஒரு வாளிக்கும் கணக்குக் கேட்கவில்லை.

ஆனியில் செயற்றிட்டத்துக்கு நேர்முகத் தேர்வு. கொழும்பிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பெரிய விளம்பரக் கம்பனியில் பொறுப்பானவர். நன்றாகச் செய்யும் ஒருவரைத் தங்களோடு எடுப்பதாக முன்னமே சொல்லியிருந்தார்கள். மேனுகாவுக்கு அந்த இடம் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் படங்களைப் புரட்டிக்கொண்டு வந்து கடைசி ஒழுங்கைப் படத்தில் நின்றார்.

"வீடுகளை வேறுபடுத்துவது உங்களுடைய திட்டம். பிறகு ஏன் ஒரே ஒழுங்கையில் பதினொரு நண்டு?"

மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மேனுகா தேர்வாளரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சனம் கேட்டது, சேர்."

"சனம் கேட்டால் உங்கள் விதியை நீங்களே உடைப்பீர்களா?"

"ஓம், சேர்."

பின்வரிசையில் சிரித்தார்கள். "ஒரு நண்டுக்குக் கால் குறைகிறதே, அவசரமா?" என்று அவர் கேட்டதற்கும் அவள் "ஓம், சேர்" என்றாள். சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி மட்டும் போட்டார்கள். கொழும்பு இடம் வேறொருவருக்குப் போனது. மேனுகா பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கினாள். அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் விளம்பரப் பலகை ஒன்றைக் கண்டால் நின்று எழுத்தின் இடைவெளியைப் பார்ப்பாள். நான் முன்னால் நடந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அந்த வருடமே வன்னிப் பாதை பூட்டுப்பட்டது. லொறிக்காரர் பிறகு வரவில்லை. சொல்லியனுப்பியது அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அடுத்த வருடம் சண்டை எங்கள் மேற்குப் பக்கம் வந்தது. கிரானிலிருந்து மேனுகாவின் தாய் தகப்பன் இடம்பெயர்ந்து வந்து எங்களோடு இருந்தார்கள். அதற்குள்ளும் மாரி முடிந்தால் மேனுகா நண்டைப் புதுப்பிக்கப் போவாள்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இரத்தினம்மா மாமி வேறு இரண்டு தாய்மாரோடு வவுனியாவுக்குப் போனார். முகாம் கம்பிக்கு வெளியே நின்று, உள்ளே போகிற வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லிக் கேட்கப் பயம்.

அந்த வைகாசியிலும் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழா வந்தது. குளிர்த்திக்கு முன் எங்கள் ஊர்களில் வீடு கழுவி மதிலுக்கு நிறம் பூசுவார்கள். ஒழுங்கைச் சனம் தங்கள் மதிலைப் பூசி முடித்தது. மாமி இல்லாத வீட்டை அப்படியே விடக்கூடாது என்று அதையும் பூசினார்கள். பூசும்போதுதான் கண்ணகை அக்கா கண்டார், எல்லா நண்டுக்கும் எட்டுக் கால், இந்த நண்டுக்கு மட்டும் ஆறு. பின்னமான உருவத்தை வைத்துக் கும்பிடக்கூடாது. நேர்த்தி வைத்த நண்டு நொண்டியாக இருந்தால் பிள்ளை எப்படி வரும்? பாவம் இரத்தினம், இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறாள். அவர்கள் சிவப்பு வாங்கி, மற்ற நண்டைப் பார்த்து, குறைந்த இரண்டு காலையும் கீறிவிட்டார்கள். நன்றாகவே கீறியிருந்தார்கள்.

மாமி வெறுங்கையோடு திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டு நானும் மேனுகாவும் போனோம். அவர் மதிலுக்கு முன்னால் பயணப் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் கண்ணகை அக்கா.

"பாருங்க புள்ள, நொண்டி நண்டுக்குக் கால் வெச்சிட்டம்!" என்று அவர் மேனுகாவிடம் சந்தோசமாகச் சொன்னார். "நீங்க மறந்துட்டீங்க போல."

கண்ணகை அக்கா தொடர்ந்தார். "போன கிழமை, கால் வெச்சு ரெண்டு நாளில, ஒரு பொடியன் வந்து இதை எவ்வளவு நேரம் பாத்தான் தெரியுமா? ஒவ்வொரு நண்டுக்கும் முன்னால நிண்டு நிண்டு பாத்தான். உன்ட வீட்டுக்கு முன்னாலயும் நிண்டான், இரத்தினம்."

மாமியின் கையிலிருந்து பை இறங்கியது. "எப்பிடிப் பொடியன்?"

"மெலிவு. தொப்பி போட்டிருந்தான், முகம் சரியாத் தெரியல்ல. ஆரைத் தேடுறீங்க தம்பி எண்டு கேட்டன். ஒருத்தரையும் இல்ல, நண்டு நல்லாருக்கு எண்டான்."

"வேற?"

"ஆர் கீறினது எண்டு கேட்டான். கம்பஸ் புள்ளையள் எண்டன். மறுகா போயிட்டான். சி.ஐ.டி.யா இருக்கும். அவனுகள்தானே இப்ப வீடு வீடாப் பாக்கிறானுகள்."

ஒழுங்கையில் ஒரு ஐஸ்பழக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மாமி நண்டைப் பார்த்தார். பிறகு கண்ணகை அக்காவைப் பார்த்தார்.

"கால் வடிவாத்தான் இருக்கு, கண்ணகை" என்றார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மேனுகா அழத் தொடங்கினாள். போய்ச் சொல்லப் போகிறேன், அவர்கள் செய்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றாள். மாமி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார்.

"சொல்லாதீங்க மகள். அவட புள்ளையும் வரல்ல. இதையும் அவ சுமக்கணுமா?"

"அது அவராத்தான் இருந்தா?"

"சி.ஐ.டி.யாவும் இருக்கலாம்" என்றார் மாமி. "இருக்கலாம்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஓம் என்றேன்.

கண்ணகை அக்கா மனம் நோகாமல் இருக்க மாமியும் மேனுகாவும் ஒரு கதை கட்டினார்கள். நண்டு பழையபடி ஆறு காலோடுதான் இருக்க வேண்டும் என்று அம்மன் கனவில் வந்து சொன்னதாக மாமி சொன்னார். கண்ணகை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எங்களுக்குத் தெரியாமப் போச்சு தாயே" என்றார். மேனுகா அந்த இரண்டு காலையும் மதில் மஞ்சளால் மறைத்தாள்.

மறையவில்லை. அடுத்த மாரி முடிந்து போனபோது மஞ்சளுக்கு அடியிலிருந்து இரண்டு காலும் மங்கலாக வெளியே வந்திருந்தன. மேனுகா காத்தான்குடிக்குப் போய்ச் சாலிஹ் பாஸைக் கேட்டாள். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரியும், நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

"சிவப்பு அப்பிடித்தான், தங்கச்சி. எத்தினை பூச்சுப் பூசினாலும் தண்ணி பட்டா மேல வரும். வருசா வருசம் பூசத்தான் வேணும்."

கம்பனி பூசிய அந்த மஞ்சள் இப்போது கடையில் இல்லை. பாஸ் ஒவ்வொரு வருடமும் கையால் கலந்து ஒரு டப்பா எடுத்துவைப்பார். மேனுகா பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை போய் அதை வாங்கிக்கொண்டு, அப்படியே மாமி வீட்டுக்குப் போவாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாமி முடக்கில் நின்று பார்த்துச் சொல்வார். புனர்வாழ்வு முகாம்களிலிருந்து பொடியன்கள் வரத் தொடங்கிய காலத்தில் மாமி அந்த முடக்கிலேயே நாள் முழுக்க நின்றார். மேனுகா வகுப்பு முடிந்து போய்க் கூட நிற்பாள். இப்போது அவன் பெயர் சொல்லிக் கேட்டு வரலாம், ஒருவரும் பிடிக்கமாட்டார்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். "ஒரு தரம் வந்து பாத்திட்டு இல்ல எண்டு போனவர், திரும்பி இஞ்சயே வந்து கேப்பாரா?" என்றாள் மேனுகா.

இந்த வருடம் பொங்கலுக்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்த நேரம் ஒருமுறை, "மஞ்சள் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எடுத்தேன் என்று சொன்னேன். எடுத்திருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்த அடுத்த நாள் சாலிஹ் பாஸிடம் போனேன். டப்பா கலந்து மூடித் தயாராக இருந்தது. அவர் மூடியை இன்னொருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தூரிகை இருக்கா மகன்?" என்று மட்டும் கேட்டார். மேனுகாவின் தூரிகை என் பையில் இருந்தது.

மாமி வாசலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி எனக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார்.

"மகள் வரல்லையா?"

ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் வாசல்படியில் திரும்ப இருந்தார். கண்ணகை அக்கா வந்து பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவினார். கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தார். மாரி கடுமையாகப் பெய்த வருடம். இரண்டு காலும் நன்றாகத் தெரிந்தன.

"மகன், கால் தெரிஞ்ச இந்த இடைக்குள்ள ஆரும் வந்திருப்பாங்களா?"

"இல்லை மாமி."

"பூசுங்க."

நான் படம் கீறுவதில் மேனுகாவைப்போல இல்லை. ஆனால் மறைக்கிற வேலைக்கு அவ்வளவு கைத்திறன் தேவையில்லை. மஞ்சளை மெதுவாக இழுத்தேன். குடைக் காம்பில் படாமல் பார்த்துக்கொண்டேன். மாமி தடியை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல, ஒழுங்கை முடக்குக்கு நடந்து போனார். அங்கே நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கால் தெரியுது, மகன்" என்று அங்கிருந்து சத்தம் போட்டார்.

நான் தூரிகையைத் திரும்பவும் டப்பாவுக்குள் விட்டேன்.